ஏரியைச் சுற்றும் முன் மவுஸைச் சுற்றுங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் ஒன்றிரண்டு மாதம் கழித்து என்னிடம் வந்து ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "வாங்கி வைத்தாகி விட்டது சார். பையன் கேம்ஸ் விளையாடுகிறான். நான் பழைய சினிமா பார்க்கிறேன். இதை வைத்து வேறு என்னதான் செய்வது?"

டைப்பிங் பழகுங்கள், எக்செல் கற்றுக் கொள்ளுங்கள் என்று முன்பெல்லாம் பதில் சொல்வேன். கேட்டவர் முகம் வாடிவிடும். ஐம்பது வயதில் யாருக்குத்தான் மறுபடி பாடப் புத்தகத்தைத் திறக்கப் பிடிக்கும்? இப்போது பதிலை மாற்றிக் கொண்டேன். "குடும்பத்தோடு ஓர் ஏரியைச் சுற்றி நடந்துவிட்டு வாருங்கள். அதற்கான திட்டம் முழுவதையும் உங்கள் கம்ப்யூட்டரில் போடுங்கள்" என்கிறேன்.

கேலி செய்கிறேன் என்று சிலர் நினைக்கிறார்கள். கேலி இல்லை. ஒரு நாள் நடைக்குத் திட்டமிட உட்கார்ந்தால் தேடுதல், மேப், கணக்குத் தாள், அரசு இணைய தளம், பிரிண்டர் என எல்லாவற்றையும் ஒரு முறை தொட்டு விடுவீர்கள். அதை விட முக்கியம், திட்டமிடாமல் போனால் என்ன ஆகும் என்பதை நான் பட்டுத் தெரிந்து கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமையின் கதை

சில ஆண்டுகளுக்கு முன், மே மாத ஞாயிறு ஒன்றில், திண்டுக்கல் வெயில் தாங்காமல் காரில் கொடைக்கானல் கிளம்பினோம். அப்பாவுக்கு அப்போது 72 வயது. திருமணமான புதிதில் அம்மாவோடு கொடைக்கானல் ஏரியைச் சுற்றி நடந்தவர். மறுபடி ஒரு முறை நடக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. காலை ஒன்பது மணிக்குப் போனில் மேப்பைத் திறந்தேன். 95 கிலோ மீட்டர் என்றது. இரண்டரை மணி நேரம்தானே என்று நினைத்துக் கொண்டேன். திட்டமிடல் அவ்வளவுதான்.

வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. மேலே போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றரை. ஊருக்குள் கூட்டமாக இருக்கிறதே, பேரிஜம் ஏரிக்குப் போய்விடலாம் என்று என் மனதில் ஒரு யோசனை. மோயர் பாயின்ட் வரை ஊர்ந்து போனோம். அனுமதிச் சீட்டு இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை. திரும்பி வந்தோம். தவறு முழுக்க முழுக்க என்னுடையது. பேரிஜம் காட்டுக்குள் இருக்கும் ஏரி, வனத்துறையின் முன் அனுமதி இல்லாமல் போக முடியாது என்பது பல காலமாக இருக்கும் விதி. தேடிப் பார்த்திருந்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

கொடைக்கானல் ஏரிக்குத் திரும்பினால் கார் நிறுத்த இடம் இல்லை. ஊர்ந்தபடியே ஏரிச் சாலையைக் கடந்தோம். மூடுபனி இறங்கியது, இருட்டுவதற்குள் மலையை விட்டு இறங்க வேண்டும் என்று கிளம்பி விட்டோம். வீட்டுக்கு வந்ததும், எப்படி இருந்தது என்று பக்கத்து வீட்டுக்காரர் அப்பாவிடம் கேட்டார். "ஏரியைப் பார்த்தேன். கார் கண்ணாடி வழியா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அது இன்னும் மறக்கவில்லை.

போனிலேயே முடியாதா?

இதை எல்லாம் செல்போனிலேயே செய்து விடலாமே, கம்ப்யூட்டர் எதற்கு என்று கேட்பீர்கள். வழியில் போகும்போது போன் நல்ல கருவி. புறப்படும் முன் திட்டமிட அது போதாது என்பது என் கருத்து. போன் ஒருவர் கையில் இருக்கும், ஒருவர்தான் பார்ப்பார். அந்த ஞாயிற்றுக்கிழமைத் திட்டம் என் ஒருவன் கைக்குள் அடங்கிய திட்டம். அப்பாவின் முழங்கால் வலிக்கு அதில் இடமே இல்லை. கம்ப்யூட்டர் திரையின் முன் நான்கு நாற்காலி போட முடியும். மேப் ஒரு டேபிலும், அரசுத் தளம் இன்னொரு டேபிலும், கணக்குத் தாள் தனி விண்டோவிலும் திறந்து வைத்து ஒப்பிட முடியும். "அங்கே உட்கார பெஞ்ச் இருக்கிறதா?" என்று பின்னாலிருந்து அம்மா கேட்க முடியும்.

அடுத்த முறை அப்படித்தான் செய்தோம். மவுஸ் அப்பாவின் கையில். அதுவரை அவர் கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லை. பக்கத்தில் என் மகள். சுமார் பத்து நாட்கள், மாலையில் அரை மணி நேரம். அந்தப் பத்து நாட்களில் என்னென்ன கற்றார்கள் என்பதைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

தேசியப் பூங்காவா, சரணாலயமா?

முதல் பாடம், தேடலில் முதலில் வருவதை நம்பாதீர்கள். கொடைக்கானலைப் பற்றித் தேடினால் 'பழனி மலை தேசியப் பூங்கா' என்று சில பக்கங்கள் காட்டும். அப்படி ஒரு யோசனை நீண்ட காலம் பேசப்பட்டது உண்மை. ஆனால் நடந்தது வேறு. 2013 செப்டம்பரில் தமிழக அரசு இந்த மலைக் காடுகளில் சுமார் 600 சதுர கிலோ மீட்டர் பரப்பைக் கொடைக்கானல் வன விலங்குச் சரணாலயமாக அறிவித்தது. பேரிஜம் அந்தக் காட்டுப் பகுதியில் இருக்கிறது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி தேசியப் பூங்காவும் சரணாலயமும் தனித்தனி வகைகள், கட்டுப்பாடுகளும் வேறு. நமக்கு அதில் முக்கியம் ஒன்றுதான். இரண்டிலும் நினைத்த இடத்தில் இறங்கி நடக்க முடியாது.

தேசியப் பூங்காவில்தான் ஏரிக்கரை நடை வேண்டும் என்பவர்களுக்கு நம் பக்கத்தில் உள்ள இடம் தேக்கடி. தேனி, கம்பம், குமுளி வழியாகப் போகலாம். 1895இல் பென்னிகுயிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையால் உண்டான ஏரி அது. அங்கே காட்டுக்குள் தனியாக நடக்க விட மாட்டார்கள். வனத்துறை அனுப்பும் வழிகாட்டியோடுதான் போக வேண்டும். எனவே முன்பதிவை முடித்துவிட்டுத்தான் வண்டி ஏற வேண்டும்.

இப்போது பலர் ஏஐ சாட்பாட்டிடம் கேட்டு விட்டுக் கிளம்பி விடுகிறார்கள். கேட்பதில் தவறில்லை. அது நல்ல தமிழில், தயக்கமே இல்லாமல் பதில் சொல்லும். அந்தத் தயக்கம் இல்லாததுதான் சிக்கல். மூன்று ஆண்டுக்கு முந்தைய விதியையும் நேற்றைய விதியையும் ஒரே குரலில் சொல்லும். பேரிஜம் பகுதியில் யானைக் கூட்டம் இறங்கினால் வனத்துறை உடனே பாதையை மூடி விடுகிறது. திறக்கும் வரை யாருக்கும் அனுமதி இல்லை. இது போன்ற செய்தியை மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பிலும் அன்றைய நாளிதழிலும்தான் பார்க்க வேண்டும். தேடும்போது 'கடந்த வாரம்' என்ற கால வரம்பைத் தேர்வு செய்து தேடிப் பாருங்கள். தேடல் முடிவுகளின் மேலே உள்ள 'டூல்ஸ்' என்பதைக் கிளிக் செய்தால் இந்த வசதி கிடைக்கும்.

மேப்பிலும் இதே எச்சரிக்கை வேண்டும். பேரிஜம் வழியாக மூணாறு பக்கம் போகும் பழைய மலைப் பாதை ஒன்று உண்டு. அதைக் கண்டதும் குறுக்கு வழி கிடைத்து விட்டது என்று சந்தோஷப்படுபவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பாதை பொதுப் போக்குவரத்துக்கு மூடப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. மேப்பில் கோடு இருப்பதும், அதில் போக நமக்கு அனுமதி இருப்பதும் வேறு வேறு.

வட்டமில்லாத ஏரி

எங்கள் வீட்டில் கொடைக்கானல் ஏரி என்றே முடிவானது. அப்பாவின் ஆசை அதுதானே. 1863இல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் என்பவர் ஓடைகளுக்குக் குறுக்கே கரை போட்டு உண்டாக்கிய ஏரி. பரப்பு சுமார் 60 ஏக்கர்.

"60 ஏக்கர்தானே, சுற்றி நடக்க அரை மணி நேரம் போதும்" என்றேன் நான். என் மகள் கணக்குப் போட்டாள். 60 ஏக்கர் என்பது ஏறத்தாழ 2,40,000 சதுர மீட்டர். அந்த அளவில் ஏரி சரியான வட்டமாக இருந்தால் சுற்றளவு ஒன்றே முக்கால் கிலோ மீட்டர்தான் வரும். ஆனால் ஏரிச் சாலையின் நீளம் சுமார் 5 கிலோ மீட்டர்! ஏன் என்று சாட்டிலைட் படத்தில் பார்த்ததும் புரிந்து விட்டது. ஏரி நட்சத்திரம் போலக் கைகளை நீட்டிக் கிடக்கிறது. ஒவ்வொரு கையையும் சுற்றிக் கொண்டுதான் சாலை போகிறது.

இதை நீங்களும் அளந்து பார்க்கலாம். கூகுள் மேப்பைப் பிரவுசரில் திறந்து, சாலையில் ஓர் இடத்தில் மவுஸின் வலது பட்டனைக் கிளிக் செய்யுங்கள். 'மெஷர் டிஸ்டன்ஸ்' என்று ஒரு வரி வரும். அதைத் தேர்ந்தெடுத்து, சாலையின் வளைவுகளில் ஒவ்வொரு புள்ளியாகக் கிளிக் செய்து கொண்டே போனால் மொத்த தூரம் கீழே தெரியும். மவுஸ் பழக இதை விடச் சிறந்த பயிற்சி எனக்குத் தெரியாது. முதல் நாள் அப்பா சாலையில் தொடங்கி ஏரியின் நடுவே போய் நின்றார். மூன்றாம் நாள் ஒரு முழுச் சுற்று வந்து விட்டார்.

ஏற்ற இறக்கம் பார்க்க கூகுள் எர்த் புரோ என்ற இலவச சாப்ட்வேர் இருக்கிறது. பாதையை வரைந்து விட்டு 'எலிவேஷன் புரொஃபைல்' கேட்டால் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று வரைபடம் போட்டுக் காட்டும். ஏரியைச் சுற்றிப் பெரிய ஏற்றம் இல்லை. ஆனால் பஸ் நிலையத்திலிருந்து ஏரிக்குப் போவது இறக்கம். அப்படியானால் திரும்பி வருவது ஏற்றம். நடந்து களைத்த முழங்காலுக்கு அந்த ஏற்றம் வேண்டாம், அதற்கு மட்டும் வாடகைக் கார் என்று அம்மா முடிவு செய்தார்.

யாருடைய வேகம்?

மேப் சொல்லும் நடை நேரம் யாருடைய வேகம் என்று எப்போதாவது யோசித்திருக்கிறீர்களா? 1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஒரு கணக்குச் சொன்னார். மணிக்கு 3 மைல், அதாவது ஏறத்தாழ 5 கிலோ மீட்டர். ஒவ்வொரு 2,000 அடி ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். நடைப் பயணம் போகிறவர்கள் இன்றும் இதை அடிப்படையாக வைத்துக் கொள்கிறார்கள். அந்தக் கணக்கில் எங்கள் ஏரிச் சுற்று ஒரு மணி நேரம். அது திடகாத்திரமானவரின் கணக்கு.

எக்செல்லிலோ, இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கிலோ உங்கள் வீட்டுக் கணக்கைப் போடுங்கள். தூரம், வேகம், ஓய்வு என்று மூன்று கட்டங்கள் போதும். அப்பாவை எங்கள் தெருவில் நடக்க வைத்து மகள் நேரம் பார்த்தாள். மணிக்கு 3 கிலோ மீட்டர். ஐந்து கிலோ மீட்டருக்கு ஒரு மணி 40 நிமிடம். ஒரு கிலோ மீட்டருக்குப் பத்து நிமிட ஓய்வு என்று வைத்தால் இன்னும் 50 நிமிடம். மொத்தம் இரண்டரை மணி நேரம். அந்த ஒரு எண் எங்கள் திட்டத்தையே மாற்றி விட்டது. காலையில் போய் மாலையில் திரும்பும் யோசனையைக் கைவிட்டு ஓர் இரவு தங்குவது என்றானது. வீட்டில் மிக மெதுவாக நடப்பவர் யாரோ, அவருடைய வேகம்தான் குடும்பத்தின் வேகம். இதை எந்த ஆப்பும் தானாகச் சொல்லாது. நாம்தான் கட்டத்தில் டைப் செய்ய வேண்டும்.

குளிர் கணக்கும் இப்படித்தான். உயரம் கூடக் கூட வெப்பம் குறையும். ஆயிரம் மீட்டருக்குச் சராசரியாக ஆறரை டிகிரி. திண்டுக்கல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம், கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். பெருக்கிப் பாருங்கள், ஏறத்தாழ 12 டிகிரி வித்தியாசம். திண்டுக்கல்லில் 32 என்றால் அதே நேரம் அங்கே 20 அளவில் இருக்கலாம். காலையில் இன்னும் குறையும். வானிலை பார்க்கும்போது உங்கள் கம்ப்யூட்டர் தானாகக் காட்டுவது திண்டுக்கல் வானிலை. ஊர் பெயரை மாற்றி, இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தளத்தில் பாருங்கள். அக்டோபர், நவம்பர் வட கிழக்குப் பருவ மழை அங்கே பலமாகப் பெய்யும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இ-பாஸ் எடுப்பது எப்படி?

"அந்தக் காலத்தில் நாங்கள் எந்தத் திட்டமும் போடாமல் பஸ் ஏறிப் போய் வந்தோமே" என்று பெரியவர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் அந்தக் காலத்தில் இத்தனை வண்டிகள் இல்லை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் போகும் வாகனங்களுக்கு இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று எண்ணிக்கைக்கும் வரம்பு வைக்கப்பட்டது. எனவே தேதியை முடிவு செய்ததும் முதல் வேலை, அப்போது என்ன விதி நடைமுறையில் இருக்கிறது என்று பார்ப்பது.

இதற்கான தளம் தமிழ்நாடு மின் ஆளுமை முகமையுடையது. முகவரி 'இபாஸ் டாட் டிஎன்இஜிஏ டாட் ஓஆர்ஜி'. இந்தச் சொற்களை ஆங்கில எழுத்தில் அட்ரஸ் பாரில் நீங்களே டைப் செய்யுங்கள். விளம்பர லிங்க்கைக் கிளிக் செய்து போகாதீர்கள். மொபைல் எண், வண்டி எண், எத்தனை பேர், வரும் தேதி, போகும் தேதி, தங்கும் இடம் ஆகியவற்றைக் கேட்கும். முடித்ததும் கியூஆர் கோடுடன் பாஸ் வரும். இதற்குக் கட்டணம் இல்லை. எந்தத் தளமாவது இ-பாஸுக்குப் பணம் கேட்டால் உடனே மூடி விடுங்கள். ஓடிபி எண்ணை யாருக்கும் போனில் சொல்லாதீர்கள்.

அரசு பஸ்ஸில் போனால் இ-பாஸ் தேவை இல்லை. இதைப் படித்ததும் அப்பா, "அப்புறம் எதுக்குக் காரு?" என்றார். கார் நிறுத்த இடம் தேடும் வேலையும் மிச்சம். பத்து நாள் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து கடைசியில் அரசு பஸ் என்று முடிவானதில் எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அதுதான் நல்ல திட்டம். வாங்க வேண்டாம், ஓட்ட வேண்டாம் என்று சொல்லும் கம்ப்யூட்டர்தான் வீட்டுக்கு உதவும் கம்ப்யூட்டர்.

இன்னொன்று. ஐந்து லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர், குளிர்பான பாட்டில்களுக்குக் கொடைக்கானலில் 2024இல் தடை வந்தது. வைத்திருந்தால் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி. வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டில் எடுத்துச் செல்லுங்கள். அபராதத்துக்குப் பயந்து மட்டும் இதைச் சொல்லவில்லை. பேரிஜம் ஏரியின் தண்ணீர்தான் கீழே பெரியகுளம் ஊருக்குக் குடிநீர். கொடைக்கானல் ஏரி நிரம்பி வழியும் நீர்தான் வெள்ளி அருவியாக விழுகிறது. மேலே நாம் போடுவது கீழே நம் ஆட்களிடம்தான் வரும்.

பேப்பரில் எடுத்து விடுங்கள்

எல்லாம் முடிந்ததும் கன்ட்ரோல் பட்டனோடு பி அழுத்தி ஒரே பக்கத்தில் பிரிண்ட் எடுங்கள். பஸ் நேரம், தங்கும் இடத்தின் போன் எண், நடையின் நேரம், உட்காரும் இடங்கள், மருந்துப் பட்டியல். மலையில் சிக்னல் இருக்கும் என்று நம்பக் கூடாது. குளிரில் பேட்டரியும் சீக்கிரம் இறங்கும். பேப்பருக்குச் சார்ஜ் வேண்டாம். பிரிண்டர் இல்லாவிட்டால் பென் டிரைவில் எடுத்துக் கொண்டு பக்கத்துக் கடைக்குப் போங்கள், அல்லது நோட்டில் எழுதுங்கள்.

ஒரே ஒரு குறை எனக்கு உண்டு. பாஸ் ஒரு தளத்தில், வன அனுமதி பற்றிய தகவல் வேறிடத்தில், பாதை மூடிய செய்தி இன்னோர் இடத்தில் என்று சிதறிக் கிடக்கின்றன. கம்ப்யூட்டர் பழகியவரே தடுமாறுகிறார் என்றால் புதியவர் என்ன செய்வார்? அன்றன்றைய நிலையைத் தமிழில், பெரிய எழுத்தில், ஒரே பக்கத்தில் கொடுத்தால் செக் போஸ்டில் திரும்பிப் போகும் குடும்பங்கள் பாதியாவது குறையும். இது பெரிய செலவு பிடிக்கும் வேலை அல்ல.

கம்ப்யூட்டர் சொல்லாதவை

திட்டம் போடுங்கள் என்றேன். அதற்காக நிமிடத்துக்கு நிமிடம் போடாதீர்கள். பார்க்க வேண்டிய 15 இடங்கள் என்று இணையத்தில் வரும் பட்டியலைப் பிடித்துக் கொண்டு ஓடினால் பதினைந்து இடத்திலும் போட்டோ எடுத்திருப்பீர்கள். ஓர் இடத்தையும் பார்த்திருக்க மாட்டீர்கள். அதே போல, கொடைக்கானல் ஊருக்குள்ளேயே காட்டு மாடுகள் நடமாடும். அவை வந்தால் ஒதுங்கி நிற்பதுதான் திட்டம். செல்பி வேண்டாம்.

உடனே மலை ஏற வசதி இல்லாதவர்கள் நம் ஊர்ப் பக்கமே ஒத்திகை பார்க்கலாம். ஆத்தூர் காமராஜர் அணை இருக்கிறது. பதினெட்டு வளைவு ஏறினால் சிறுமலை இருக்கிறது. அளப்பதும் கணக்குப் போடுவதும் அங்கேயும் அதேதான்.

நாங்கள் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு ஏரிக் கரையில் நடக்கத் தொடங்கினோம். பேப்பர் அப்பாவின் சட்டைப் பையில் இருந்தது. வண்டிகள் அதிகம் இல்லை. தண்ணீர் மேல் புகை போலப் பனி நகர்ந்து கொண்டிருந்தது. ஒவ்வொரு கிலோ மீட்டருக்கும் உட்கார்ந்தோம். அம்மாவும் அப்பாவும் முன்னால் நடக்க, நாங்கள் கொஞ்சம் பின்தங்கியே வந்தோம். சுற்றி முடித்தபோது இரண்டு மணி 40 நிமிடம் ஆகியிருந்தது. அப்பா பேப்பரை எடுத்துப் பார்த்தார்.

"பத்து நிமிஷம் அதிகமாயிருச்சு" என்றார்.

நடுவில் குதிரைக்காரர் ஒருவரிடம் பழைய கொடைக்கானல் பற்றிப் பேசிக் கொண்டு நின்றதுதான் காரணம். வீட்டுக்கு வந்ததும் அவரே கம்ப்யூட்டரைப் போட்டு, அந்தக் கணக்குத் தாளைத் திறந்து, ஓய்வு என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்தார். 'பேச்சு - 10' என்று டைப் செய்து சேவ் செய்தார்.

உங்கள் கம்ப்யூட்டரிலும் ஒரு புதிய ஃபைலைத் திறந்து வையுங்கள். வீட்டில் மிக மெதுவாக நடப்பவரை அழைத்து முதல் நாற்காலியில் உட்கார வையுங்கள். மவுஸை அவர் கையில் கொடுங்கள்.